புலி கொன்ற யானை ஓடுகிறது

"அக்கா, அந்த வரி மட்டும் மறுபடி போலாம்" என்று ஹெட்போனில் குரல் வந்தது. ஒலிப்புத்தகம் வாசிக்க நான் வந்து அப்போது நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. வாசித்த வரி இது:

மாலதி குழந்தையைத் தூக்கி வந்த பெண்ணிடம் வழி கேட்டாள்.

ஒரு சொல்லையும் விடவில்லை, உச்சரிப்பிலும் பிசகில்லை. ஆனால் "மாலதி குழந்தையைத் தூக்கி வந்த" என்பதை ஒரே மூச்சில் சேர்த்து வாசித்துவிட்டேன். "பெண்ணிடம்" என்ற சொல் வந்ததும் குரல் தள்ளாடியது. மாலதியின் இடுப்பில் இருந்த குழந்தை அந்த ஒரு சொல்லில் இன்னொருத்தியின் இடுப்புக்குத் தாவ வேண்டியிருந்தது. குரல் அதற்குத் தயாராக இல்லை.

இரண்டாம் தடவை "மாலதி"க்குப் பிறகு சின்னதாக நிறுத்தினேன். சரியாக வந்தது, மேலே போனோம். மூன்று பக்கம் தள்ளி மாலதி தனியாக பஸ் ஏறுகிறாள். பதிவு செய்துகொண்டிருந்த தம்பி நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அந்தக் குழந்தையை எங்கக்கா விட்டா?"

என் தடுமாற்றம் அரை நொடியில் தீர்ந்துவிட்டது. அவனுடையது மூன்று பக்கம் ஓடியிருக்கிறது. இத்தனைக்கும் திருத்தி வாசித்ததையும் அவன்தான் கேட்டு "ஓகே" சொன்னான்.

மௌனமாகப் படிக்கிறவருக்கு இதெல்லாம் வெளியே தெரியாது. கண் பின்னால் போய்ச் சரிபார்த்துவிட்டுத் திரும்பிவிடும், படித்தவருக்கே அது நினைவில் நிற்காது. உரக்க வாசிக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. வாசிக்கும்போது கண் குரலைவிட ஓரிரு சொல் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். 1920இலேயே பஸ்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த இடைவெளியை அளந்து பார்த்திருக்கிறார். அந்த ஓரிரு சொல்லுக்குள் குட்டு வெளிப்பட்டால் தப்பித்தேன். அதைத் தாண்டி வெளிப்பட்டால் குரல் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ரீடேக்தான்.

ரீடேக் ஆன இடங்களை எல்லாம் பிரதியில் பென்சிலால் வட்டமிடும் பழக்கம் எனக்கு உண்டு. என் நாக்கின் பலவீனத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஆரம்பித்தேன். சில புத்தகங்கள் முடிந்த பிறகு வட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் கடினமான சொற்களில் அதிகம் விழவில்லை. எல்லாச் சொல்லும் எளிதாக இருந்த, பார்வைக்குச் சாதுவான வாக்கியங்களில்தான் விழுந்திருந்தன.

இப்படிப்பட்ட வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் "தோட்டப் பாதை வாக்கியம்" என்று பெயர். தோட்டப் பாதையில் கூட்டிப் போவது என்றால் அவர்கள் பேச்சில் ஆளை நம்பவைத்து ஏமாற்றுவது. 1970இல் தாமஸ் பெவர் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் குதிரை வாக்கியம் இதில் பிரபலம். "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது என்று நிம்மதியாகப் படித்து முடிக்கும்போது "விழுந்தது" என்று இன்னொரு வினை வந்து நிற்கும். களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதுதான் பொருள். "ரேஸ்ட்" என்ற ஒரே வடிவம் "ஓடியது" என்றும் "ஓட்டப்பட்ட" என்றும் நிற்பதால் வரும் வம்பு. தமிழில் இந்தக் குழி கிடையாது. நமக்கு "ஓடியது" வேறு, "ஓட்டப்பட்ட" வேறு. இதைப் படித்ததும் தமிழ் இந்த விஷயத்தில் பத்திரமான மொழி என்று கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் என் வட்டங்களைத் திரும்பப் பார்த்தேன்.

நம் குழி வேறு இடத்தில் இருக்கிறது. "தூக்கி வந்த" என்ற பெயரெச்சம், எனக்கு அடுத்து ஒரு பெயர் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் தனக்கு முன்னால் நிற்கும் சொற்களில் எவை தன்னைச் சேர்ந்தவை, எவை கடைசியில் வரப்போகும் வினைக்காகக் காத்திருப்பவை என்று சொல்வதில்லை. வேலி முடியும் இடம் தெரிகிறது, தொடங்கிய இடம் தெரிவதில்லை. படிக்கிறவர் அதுவரை சும்மா இருக்க மாட்டார். மாலதி என்று ஓர் ஆள், குழந்தையை என்று ஒரு பொருள், தூக்கி வந்த என்று ஒரு செயல் கிடைத்தால் மூன்றையும் முடிச்சுப் போட்டுவிடுவார். முற்றுப்புள்ளி வரட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை.

அந்த முடிச்சை அவிழ்ப்பதிலும் சுலபம், கடினம் உண்டு. இந்த இரண்டு வரியையும் சாதாரண வேகத்தில் படித்துப் பாருங்கள்:

மாலதி குழந்தையை வாசலில் கண்ட பெண்ணிடம் பேசினாள்.

மாலதி குழந்தையை வாசலில் கண்ட நாற்காலியில் உட்கார வைத்தாள்.

முதலாவதில் மாலதியை மட்டும் வேலிக்கு வெளியே எடுத்தால் போதும், பலருக்கு அது உறைக்கக்கூட உறைக்காது. இரண்டாவதில் மாலதியோடு குழந்தையும் வெளியே வர வேண்டும். வாசலில் கண்டது நாற்காலியை! இங்கே எனக்கு மூன்று ரீடேக் ஆனது. நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில் இதே மாதிரி வாக்கியங்களை ரெய்கோ மஸுகாவும் கென்ஜி இத்தோவும் ஆராய்ந்து 1995இல் எழுதியிருக்கிறார்கள். ஒன்றை வெளியே எடுத்தால் லேசான உறுத்தல், இரண்டையும் எடுக்க வேண்டி வந்தால் வாசகர் தெரிந்தே இடறுகிறார் என்பதுதான் அவர்கள் கண்டதும். அதைப் படித்த அன்று என் நாக்கின்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது.

அந்த நாற்காலி வரியை எழுதியவரிடம் போனில் சொன்னேன். "ஒரு கமா போட்டுக்கோங்களேன்" என்றார். போடலாம். ஆனால் கமாவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. "மாலதி," என்று பார்த்ததுமே அடுத்து "கமலா, விமலா" என்று பட்டியல் வரப்போகிறதோ என்று கண் நினைக்கும். தவிர, போன் திரையில் வேகமாக நகர்த்திப் படிக்கிறவருக்கு அந்தச் சின்னப் புள்ளிவால் கண்ணில் படுவதே இல்லை. மாலதியையும் குழந்தையையும் இடம் மாற்றினால் வேலை முடிந்தது:

வாசலில் கண்ட நாற்காலியில் மாலதி குழந்தையை உட்கார வைத்தாள்.

இப்போது வேலி வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. மாலதியும் குழந்தையும் "உட்கார வைத்தாள்" பக்கத்திலேயே நிற்கிறார்கள். கமா இல்லை, சொல் ஒன்றும் கூடவில்லை. என் வட்டங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நகர்த்தலிலேயே கரைந்துவிடுகின்றன. எழுவாயை முதலில்தான் வைக்க வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. நடுவே நீளமான பெயரெச்சத் தொடர் வந்தால் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிடலாம்.

இந்தத் தடுமாற்றத்துக்குத் தமிழில் ரொம்பப் பழைய பெயர் ஒன்று உண்டு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயல் இருக்கிறது. அதில் இதற்குத் "தடுமாறு தொழிற்பெயர்" என்று பெயர். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "புலிகொல் யானை." கொன்றது புலியா, யானையா? இரண்டுக்கும் இடம் உண்டு. அடுத்த நூற்பாதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பின்னால் வரும் சொல்லைக் கொண்டு அறிந்தோர் தெரிந்துகொள்வர் என்கிறது. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் உயிரோடு இருப்பது யானை, செத்தது புலி. யானையின் கொம்பு வந்தது என்று தொடர்ந்தால் கதை தலைகீழ். ஆய்வுக்கூடத்தில் கண்ணசைவை அளந்து தேடும் "தெளிவு தரும் சொல்" என்பது இதுதானே! ஒரு வித்தியாசம் உண்டு. இலக்கணம் தெரிந்துகொள்வர் என்பதோடு நிற்கிறது. தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்குள் என்னவெல்லாம் நடந்துவிடுகிறது என்பது நம் காலத்துக் கேள்வி.

அந்த நேரத்தை 1982இல் லின் ஃப்ரேசியரும் கீத் ரெய்னரும் கண்ணசைவை வைத்து அளந்தார்கள். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் நொடி. குட்டு வெளிப்படும் சொல்லில் அந்த நிறுத்தம் நீள்கிறது, அல்லது கண் பின்னால் தாவுகிறது. வாசகர் எப்போதும் வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஆரம்பிப்பதில்லை. பல சமயம் எங்கே தவறாக முடிச்சுப் போட்டாரோ அந்த இடத்துக்கே நேராகப் போகிறார். விழுந்தவனுக்குக் கால் இடறிய கல் எது என்று தெரிந்திருக்கிறது.

சரி, தம்பியின் மூன்று பக்கத்துக்கு வருகிறேன். அதற்கும் ஆய்வு இருக்கிறது. 2001இல் கீல் கிறிஸ்டியன்சன், ஃபெர்னாண்டா ஃபெரேரா முதலியோர் செய்தது. அன்னா என்பவள் தானே உடுத்திக்கொண்டிருக்கும்போது குழந்தை கட்டிலில் கக்கியது என்று பொருள்படும் வாக்கியம். ஆங்கிலச் சொல்வரிசையால் முதலில் "அன்னா குழந்தைக்கு உடுத்திவிட்டாள்" என்று தோன்றும், பிறகு அது தவறு என்று தெரியும். படித்து முடித்தவர்களிடம், குழந்தை கக்கியதா என்று கேட்டால் சரியாக ஆமாம் என்கிறார்கள். அன்னா குழந்தைக்கு உடுத்திவிட்டாளா என்று கேட்டால் அதற்கும் நிறையப் பேர் ஆமாம் என்கிறார்கள். முதலில் வரைந்த படம் திருத்தத்துக்குப் பிறகும் அழியாமல் அடியில் கிடக்கிறது. எங்கள் மாலதிக்கும் அதுதான் நடந்தது. பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த காகிதத்தில் தடம் தெரிவது போல.

ஆகவே "ஒரு தடவை திரும்பிப் படித்தால் புரிந்துவிடப் போகிறது" என்று எழுதுகிறவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. திரும்பிப் படித்தாலும் பழைய படம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நானே ஒரு குழி வெட்டினேன். ஒரு நாள் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்:

மூன்றாம் அத்தியாயத்தின் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டாம்.

நான் நினைத்தது, அழிக்கவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். அவன் படித்தது, பழையதை அழித்துவிடு, புதியதை இப்போது தொடங்காதே. மறுநாள் போனால் ஒரு முழு அத்தியாயம் காணோம். "நீங்கதானேக்கா அழிக்கச் சொன்னீங்க" என்று போனை நீட்டினான். கோபத்தோடு வாங்கிப் படித்தேன். கோபம் அந்த வரி முடிவதற்குள் இறங்கிவிட்டது. "அழித்துவிட்டு" வரைக்கும் அது கட்டளைதான். கடைசியில் வரும் "வேண்டாம்" எவ்வளவு தூரம் பின்னால் எட்டுகிறது என்று அந்த வாக்கியத்தில் எதுவும் சொல்லவில்லை. "தொடங்க" வரைக்கும் மட்டும் எட்டினாலும் தமிழ்தான், "அழித்துவிட்டு" வரைக்கும் எட்டினாலும் தமிழ்தான். அவன் செய்ததில் தப்பே இல்லை.

மாலதி வரியாவது கடைசியில் தெளிந்துவிடுகிறது. இது தெளியவே தெளியாது. இரண்டும் வேறு வியாதி, ஆனால் மூலம் ஒன்று: தமிழில் தீர்ப்பு கடைசியில்தான் வாசிக்கப்படுகிறது. "அவர் கோபத்தில் பேசவில்லை" என்பதையே பாருங்கள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாரா, இல்லை கோபமில்லாமல் பேசினாரா?

செய்முறை எழுதும்போது இது விளையாட்டில்லை. படிக்கிறவர் கை பொத்தான்மேல் இருக்கும். நீளமான வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் "கூடாது" வருமுன் அழுத்தியிருப்பார். அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டாயம். செய்யாதே என்பது ஒரு வாக்கியம், செய் என்பது தனி வாக்கியம். இரண்டையும் "விட்டு" போட்டு ஒட்டுவதில்லை. "பழைய பதிவு அப்படியே இருக்கட்டும். புதியதை நாளை தொடங்கலாம்." வறட்சியாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுத்திலேயே குழியை மூடும் சாதனம் ஒன்று நம்மிடம் உண்டு, ஒற்று. "வேலை கொடுத்தான்" என்றால் பணி, "வேலைக் கொடுத்தான்" என்றால் கையில் இருந்த வேல். "தந்த பலகை" யாரோ கொடுத்தது, "தந்தப் பலகை" யானைத் தந்தத்தால் ஆனது. ஒரு மெய்யெழுத்து அடுத்த சொல்லுக்கு முன்பே வழி காட்டிவிடுகிறது. சந்தியெல்லாம் இந்தக் காலத்தில் எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஒற்றைக் கண்டபடி தூவினாலும் ஆபத்துதான். "வேலைத் தேடி அலைந்தான்" என்று ஒரு பிரதியில் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் ஐந்து நிமிடம் பதிவை நிறுத்தினோம். ஈட்டி தொலைந்த வீரன் ஒருவன் எங்கள் இருவர் கண்முன்னும் வந்து நின்றான்.

ஒற்று தீர்க்காததும் உண்டு. "பாவம்" என்று எழுதினால் பழிபாவமா, முகபாவமா? "அவள் முகத்தில் இருந்த பாவம்" வரைக்கும் வந்துவிட்டு, ப-வை எப்படி ஒலிப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். இந்த மாதிரிச் சொல் வந்தால் இரண்டு பொருளும் ஒரு கணம் மனத்தில் விழித்துக்கொள்கின்றன என்று டேவிட் ஸ்வின்னி 1979இல் காட்டினார். சூழல் ஒன்றைத்தான் சுட்டினாலும் அப்படித்தானாம். மௌனமாகப் படிப்பவர் அதில் ஒன்றைச் சத்தமில்லாமல் உதறிவிடுவார். என் வாய் ஒன்றைத்தான் சொல்லும். இப்போதெல்லாம் எழுதியவரிடம் கேட்டு "முகபாவம்" என்று மாற்றிவிடுகிறேன்.

இசையைப் பற்றியும், அதாவது எங்கே நிறுத்தி ஒலிக்கிறோம் என்பதைப் பற்றியும், ஒரு பழைய உதாரணம் உண்டு, "செம்பொன்பதின்றொடி." செம்பொன் என்று நிறுத்தினால் பத்துத் தொடி பொன், செம்பு என்று நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு (தொடி ஒரு பழைய எடையளவு). எழுத்து ஒன்றேதான், பிரித்துக் காட்டுவது இசை. அச்சு வந்து சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டதும் இந்தச் சிக்கல் போயிற்று. ஆனால் அந்த இடைவெளி சொற்களைத்தான் பிரிக்கிறது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று காட்டுவதில்லை. எல்லா இடைவெளியும் ஒரே அகலம்! வாய் திறக்காமல் படிக்கிறவரும் உள்ளுக்குள் ஓர் இசையை ஒட்டிக்கொண்டுதான் படிக்கிறார், அந்த இசையே பொருளைச் சாய்க்கிறது என்று ஜேனட் டீன் ஃபோடர் என்ற மொழியியலாளர் வாதிட்டிருக்கிறார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அந்த உள்குரலை மைக் முன்னால் வெளியே விடுவதுதான் என் பிழைப்பு.

இப்போது மற்றவர்கள் பிரதிகளையும் பார்த்துக் கொடுக்கிறேன். செய்வது எளிது. சொந்த எழுத்தை நாமே உரக்க வாசித்துப் பயனில்லை, பொருள் தெரிந்த வாய் குழியைத் தாண்டிவிடும். முன்பின் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, ஒத்திகை இல்லாமல் வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே வேகம் குறைகிறார், எங்கே பின்னால் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். "புரிந்ததா" என்று கேட்கக் கூடாது, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு அட்டையால் வரியை மூடி, ஒவ்வொரு சொல்லாகத் திறந்து, அடுத்து என்ன வரும் என்று நினைக்கிறேன் என்று எழுதிப் பார்ப்பேன். ஆய்வுக்கூடங்களில் கணினித் திரையில் இதையே செய்கிறார்கள், வாசகர் பொத்தானை அழுத்தினால் அடுத்த சொல் வரும், ஒவ்வொரு சொல்லிலும் தாமதித்த நேரம் பதிவாகும். என் அட்டைக்கு மின்சாரம் வேண்டாம்.

ஆரம்பத்தில் இந்த வேட்டையில் அளவு மீறிப் போனேன். எல்லாப் பெயரெச்சத்தையும் சந்தேகப்பட்டு, வாக்கியங்களை உடைத்து, ஒரு நல்ல நாவலைத் தந்தி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். எழுதியவருக்கு வருத்தம், நியாயமான வருத்தம். "புலி கொன்ற மான்" என்று எழுதினால் இலக்கணப்படி அதுவும் இரண்டு வழியில் போகலாம். யாராவது தடுமாறுகிறார்களா? மான் புலியைக் கொல்லாது என்று உலகம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது. இலக்கணத்தில் குழி இருப்பது வேறு, அதில் கால் விழுவது வேறு. யாருடைய குரலாவது இடறிய இடத்தை மட்டும்தான் இப்போது தொடுகிறேன்.

அதிலும் ஒரு தடவை தொடவில்லை. ஒரு மர்மக் கதை. "செந்தில் இருட்டில் கத்தியோடு காத்து நின்ற சிலையைக் கடந்து போனான்" என்று ஒரு வரி. அட்டையை வைத்துப் பார்க்கவே தேவையில்லாத குழி. செந்திலை நகர்த்தலாமா என்று பென்சிலை எடுத்துவிட்டு, எழுதியவர் முந்தின பத்தியில் செந்திலைப் பற்றிக் கிளப்பியிருந்த சந்தேகத்தைப் பார்த்தேன், பென்சிலைக் கீழே வைத்தேன். மைக் முன்னால் "செந்தில் இருட்டில் கத்தியோடு காத்து நின்ற" வரைக்கும் வேண்டுமென்றே ஒரே மூச்சில் வாசித்து, சரியாக அங்கே அரை நொடி நிறுத்தி, "சிலையை" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஸ்லைடரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ரீடேக் கேட்கவில்லை.